செங்கால் ஆமையின் தட்டில் பழம்

அமேசான் காட்டில் மழைக்காலம் பிடித்துவிட்டால் தபெரெபா மரங்கள் பழுத்துக் கொட்டத் தொடங்கும். இலங்கைச் சந்தைகளில் விற்கிற அம்பரெல்லாவுக்கு நெருங்கிய உறவு இந்த மரம். பழம் சிறியது, மஞ்சள் நிறம், நல்ல புளிப்பு. மெல்லிய சதைக்குள் பெரிய கொட்டை. ஈரச் சருகின் மேல் விழுந்து கிடக்கும் இந்தப் பழத்தின் வாசனைக்கு எங்கிருந்தோ ஆமைகள் வந்து சேரும். கறுத்த ஓடும், கால்களில் செக்கச்சிவந்த செதில்களும் உள்ள செங்கால் ஆமை அவற்றில் ஒன்று.

இந்த ஆமை காட்டில் என்ன தின்கிறது என்பதற்கு நம்பகமான பதில், பிரேசிலின் வடகோடியான ரொரைமா மாநிலத்தில் உள்ள மரக்கா என்ற ஆற்றுத்தீவிலிருந்து கிடைத்தது. டெப்ரா மோஸ்கோவிட்ஸ், கேரன் பியோர்ன்டால் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் அங்கே செங்கால் ஆமையையும் அதன் உறவான மஞ்சள்கால் ஆமையையும் ஆராய்ந்து 1990இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மழைக்காலத்தில் பழம்தான் முதன்மை உணவு. வறண்ட மாதங்களில் பழம் அருகிப்போனதும் உதிர்ந்த பூக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இவற்றோடு இலை, தண்டு, காளான், மண், செத்த பிராணிகளின் மாமிசம் என்று வயிற்றுக்குள் போவது ஏராளம்.

இதில் பாதியை மட்டும் கேள்விப்பட்டவர்கள் செங்கால் ஆமையைப் பழந்தின்னி என்று எண்ணி, நாள்தோறும் மாம்பழமும் வாழைப்பழமும் வைக்கிறார்கள். ஆமைக்குப் பழமே ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கீரையை மட்டும் போடுகிறார்கள். இரண்டாலும் ஆமைக்குக் கேடுதான். பழக்கடைக்குப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஆமையின் பூர்வீகம். அந்த மண்ணில் எது பழுக்கும், எத்தனை மாதம் பழுக்கும், பழமில்லாத மாதங்களில் அது எதை மேயும் என்பதைப் பொறுத்தே தட்டில் பழத்தின் அளவு அமைகிறது.

சுல்கட்டா என்று விற்கப்படும் ஆப்பிரிக்க ஆமையை எடுத்துக்கொண்டால் கணக்கு அப்படியே மாறிவிடும். சகாராவுக்குத் தெற்கே, காய்ந்த புல்வெளி பரந்து கிடக்கும் சஹேல் நிலப்பகுதியே அதன் வீடு. புல், வைக்கோல் போல உலர்ந்த புல், கள்ளி, முட்புதர் இலை ஆகியவற்றில் வாழப் பழகிய குடல் அதற்கு. ஆப்பிரிக்காவின் சிறுத்தை ஆமையும் பெரும்பாலும் மேய்ச்சல் பிராணியே. மத்தியதரைக்கடல் ஓரத்து ஹெர்மன் ஆமைக்கும் கிரேக்க ஆமைக்கும் களைச்செடிகளே சாப்பாடு. இந்த நான்குக்கும் மாம்பழத்தையோ பப்பாளியையோ வழக்கமாகக் கொடுக்கக் கூடாது. அரிதாகக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒரு சப்பாத்திக்கள்ளிப் பழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு விடை குடலில் இருக்கிறது. பசுவுக்கு நார்ச்சத்து நொதிப்பது வயிற்றில். ஆமைக்கு அது குடலின் பின்பகுதியில் நடக்கிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இலையின் நாரை நிதானமாக உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்ற, ஆமை அவற்றை உறிஞ்சி உயிர் வாழ்கிறது. இனிப்பான பழம் மிகுதியாக வந்து விழுந்தால் சர்க்கரை வேகமாகப் புளித்து, குடலில் அமிலம் கூடும். நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் நலிய, வேண்டாத ஒற்றைச்செல் உயிரிகள் பெருகும். கழிவு தண்ணீராகும், நாற்றமெடுக்கும். மேய்ச்சல் இனங்களில் இது சீக்கிரம் வரும். செங்கால் ஆமை சற்றுத் தாங்கும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

அந்தத் தாங்குதிறனையே பியோர்ன்டால் 1989இல் தனியாக ஆராய்ந்தார். செங்கால், மஞ்சள்கால் ஆமைகளுக்குக் கொய்யாப்பழம், மாம்பழம், உண்ணிச்செடியின் இலை என மூன்று உணவுகளை வெவ்வேறாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் எப்படிச் செரிக்கிறது என்று அளந்தார். வருகிற உணவுக்குத் தக்கபடி செரிமானத்தை வளைத்துக்கொள்ளும் இயல்பு இவற்றுக்கு இருப்பது அதில் தெரிந்தது. ஒரு காலத்தில் பழமும் இன்னொரு காலத்தில் பூவும் இலையும் என்று மாறி மாறி வாழ்வதற்கு இந்த வளைவு வேண்டியிருக்கிறது. (உண்ணிச்செடியை இதனால் தீவனம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆடுமாடுகளின் ஈரலைக் கெடுக்கும் செடி அது. வீட்டு ஆமைக்கு அதைப் போடத் தேவையே இல்லை.)

காட்டுப் பழமும் சந்தைப் பழமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தபெரெபா போன்ற காட்டுப் பழத்தில் சதை குறைவு, கொட்டை பெரிது, புளிப்பு அதிகம். மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த மாம்பழத்தில் சதை மிகுந்து, நார் குறைந்து, சர்க்கரை ஏறியிருக்கிறது. ஆகவே காட்டு ஆமை தின்னும் பழத்தின் அளவை அப்படியே பங்கனப்பள்ளிக்கும் இமாம்பசந்துக்கும் பொருத்திப் பார்ப்பது பிழை.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. ஓடு, எலும்பு, பெண் ஆமையானால் முட்டை என எல்லாவற்றுக்கும் கால்சியம் வேண்டும். உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருந்தால் கால்சியம் ஏறத்தாழ இரண்டு பங்கு இருப்பது நல்லது. பாஸ்பரஸ் மிஞ்சினால் உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்கும். ஓடு மெத்தென்று ஆகும், தாடை நெளியும், கால் தள்ளாடும். பெரும்பாலான பழங்களில் கால்சியமே குறைவு என்பதால், பழம் பெருகிய தட்டு ஓட்டைத் தின்னும் தட்டாகிவிடும்.

இந்தக் கணக்கில் தேறி நிற்பது பப்பாளி. 100 கிராம் சதையில் கால்சியம் ஏறத்தாழ 20 மில்லிகிராம், பாஸ்பரஸ் 10 மில்லிகிராம். வேண்டிய விகிதம் அப்படியே இருக்கிறது. சர்க்கரையும் மாம்பழத்தைவிடக் குறைவு, சுமார் 8 கிராம். நன்றாகப் பழுத்ததாக, தோல் சீவியதாக இருக்க வேண்டும். காயில் வடியும் பால் வாயையும் குடலையும் உறுத்தும். பப்பாளி விதை குடற்புழுவை வெளியேற்றும் என்று ஆமை வளர்ப்போர் பலர் நம்பிக் கொடுக்கிறார்கள். பழத்தோடு நாலைந்து விதை போனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் புழு இருக்கிறதா என்று தெரிய, கழிவைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வதே வழி. விதையை மருந்தாக எண்ணி அந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

மாம்பழத்தில் சர்க்கரை 100 கிராமுக்கு 14 கிராம் வரை இருக்கும். கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் சற்றுக் கூடுதல். சித்திரை, வைகாசியில் வீட்டில் மாம்பழம் கொட்டிக் கிடக்கும்போது ஆமைக்கும் நாள்தோறும் ஒரு கீற்று போய்ச் சேருவது இயல்பு. அந்தப் பாசத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும். வாரத்தில் ஒரு நாள், கட்டைவிரல் அளவுக் கீற்று ஒன்றிரண்டு போதும். நார் மிகுந்த நாட்டு மாம்பழம் கிடைத்தால் ஒட்டுமாம்பழத்தைவிட அதுவே மேல். கொட்டையை அப்படியே அடைப்புக்குள் போடக் கூடாது. நக்கி நக்கித் தின்னும்போது நார் அலகில் சிக்கிக்கொள்ளும்.

மாம்பழத்தில் இன்னொரு கவலை கார்பைடு கல். அதை வைத்துப் பழுக்கவைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. இருந்தும் கோடைதோறும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மண்டிகளில் டன் கணக்கில் பறிமுதல் செய்கிறார்கள். வணிகக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். மனிதனைவிடப் பல மடங்கு சிறிய உடலுக்கு இது கூடுதல் சுமை. தெரிந்த தோப்புப் பழம், அல்லது காயாக வாங்கி வீட்டில் வைக்கோலில் பழுக்கவைத்தது ஆமைக்குப் பாதுகாப்பானது. எந்தப் பழமானாலும் ஓடும் தண்ணீரில் கழுவி, தோலைச் சீவுவதே வழக்கமாக இருக்கட்டும்.

கொய்யாவைப் பற்றிச் சொல்லும்போது கலாபகஸ் தீவுகளை விட முடியாது. சான்டா குரூஸ் தீவின் ராட்சத ஆமைகள் வறண்ட தாழ்நிலத்திலிருந்து ஈரமான மேட்டுநிலத்துக்கு ஆண்டுதோறும் ஏறி இறங்குபவை. மேட்டில் அவற்றுக்கு விருப்பமான உணவுகளில் ஒன்று, வெளியிலிருந்து வந்து காடாக மண்டிவிட்ட கொய்யா. ஸ்டீபன் பிளேக் குழுவினர் ஆமைச் சாணத்தைக் கிளறிப் பார்த்தபோது ஒரு குவியலில் சராசரியாக நூற்றுக்கணக்கில் விதைகள் கிடந்தன. தீவுக்குக் கொய்யா ஒரு தொல்லை, அதைப் பரப்புவதில் ஆமைக்கும் பங்கு உண்டு. வீட்டு ஆமைக்கு இந்தக் கவலை இல்லை. 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டு. மாம்பழத்தில் அது 2 கிராமைத் தொடாது. கொய்யாவின் குறை பாஸ்பரஸ். அது கால்சியத்தைப் போல இரண்டு மடங்கு. அதனால் கொய்யா வைக்கும் நாளில் கால்சியப் பொடி தூவ மறக்கக் கூடாது. அதிகம் பழுக்காத, கடித்தால் கறுக்கென்று இருக்கும் பதமே சரி.

வாழைப்பழத்தில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல நான்கு மடங்கு. அதோடு குழகுழவென்று அலகில் ஒட்டிக்கொள்ளும். மருந்தை மறைத்துக் கொடுக்க இதைவிட நல்ல பழம் கிடையாது. அதற்கென்று ஒதுக்கி வைத்தால், மருந்து கொடுக்கவேண்டிய நாளில் ஆமை ஆவலாகவும் வரும்.

அத்திப்பழமும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் இந்த நூல் மனமாரப் பரிந்துரைக்கும் இரண்டு. இரண்டிலும் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரு மடங்குக்கு மேல். கள்ளிப் பழம் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களில் வேலியோரம் விலையில்லாமல் கிடைக்கும். பறிப்பவர் கைக்கும் ஆமையின் வாய்க்கும் எதிரி அதன் நுண்முட்கள்தான். இடுக்கியால் பிடித்துத் தீயில் வாட்டி, துணியால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, தோலை உரித்துவிட்டால் உள்ளிருப்பது செந்நிறச் சாறும் சிறுவிதைகளும். செங்கால் ஆமை அந்த நிறத்தைக் கண்டதுமே தலையை நீட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிராகன் பழம் கள்ளி இனம்தான், கொடுக்கலாம். அன்னாசி மாதம் ஒரு சிறு துண்டு. சப்போட்டாவும் பலாச்சுளையும் சர்க்கரை மிகுந்தவை, எப்போதாவது ஒரு சிட்டிகை. சப்போட்டா விதையின் கொக்கி முனை தொண்டையில் குத்தும், எடுத்துவிட வேண்டும். சீத்தாப்பழ விதை நஞ்சு, ஆகவே அந்தப் பழமே வேண்டாம். தர்பூசணி கோடையில் தண்ணீருக்குத் துணை, சத்துக்கு அல்ல. ஆரஞ்சு, சாத்துக்குடி புளிப்பு குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. நட்சத்திரப் பழத்தில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், கால்சியத்தைக் கட்டிப்போடும். வெண்ணெய்ப்பழத்தில் உள்ள பெர்சின் என்ற பொருள் பறவைகளையும் ஆடுகளையும் முயல்களையும் பாதித்திருக்கிறது. ஆமையை வைத்துச் சோதித்துப் பார்ப்பானேன்? தவிர்த்துவிடலாம்.

அளவு எவ்வளவு? வளர்ந்த செங்கால் ஆமைக்கு வாரம் முழுவதும் போடும் உணவில் ஐந்தில் ஒரு பங்கைப் பழம் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் குவித்துவிடாமல் இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்து வைப்பது குடலுக்கு நல்லது. குஞ்சுகளுக்கு இதிலும் பாதி. மீதித் தட்டை நிரப்ப வெளியே அலைய வேண்டியதில்லை. செம்பருத்தி இலையும் பூவும், முருங்கைக் கீரை, முசுக்கட்டை இலை, அருகம்புல், பூசணிப் பூ, அவ்வப்போது ஒரு துண்டு பூசணி எல்லாம் தமிழ்நாட்டு வீட்டுக் கொல்லையில் கிடைப்பவைதான். பசலைக்கீரையில் ஆக்சாலிக் அமிலம் இருப்பதால் அடிக்கடி வேண்டாம். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடல்நுரை போதும். கணவாய் மீனின் உள்ளோடு அது. வேறெதுவும் கலக்காத முழுத்துண்டாக வாங்கி, கழுவிக் காயவைத்து அடைப்பில் போட்டுவிட்டால் ஆமை தேவைப்பட்டபோது கொறித்துக்கொள்ளும்.

எவ்வளவு கால்சியம் போட்டாலும் வெயில் படாவிட்டால் உடலில் சேராது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் தோலில் பட்டு உண்டாகும் வைட்டமின் டி3தான் கால்சியத்தைக் குடலிலிருந்து உள்ளே இழுக்கிறது. சாளரக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். காலை வெயிலில் நிழலோடு கூடிய திறந்த இடம் வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று உள்ள விளக்கு வேண்டும். வெப்பமும் முக்கியம். சுற்றுப்புறம் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால்தான் குடல் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். மலையோர ஊர்களின் மார்கழிக் குளிரில் வயிற்றில் கிடக்கும் பழம் செரிக்காமல் புளித்துப்போகும். அந்த நாட்களில் பழத்தை நிறுத்திவிட்டு முதலில் அடைப்பைச் சூடாக்க வேண்டும்.

ஓடு கூம்புகூம்பாகப் புடைத்து வளர்ந்தால் பழத்தின் மேலோ புரதத்தின் மேலோ பழி போடுவது வழக்கம். ஆனால் சுல்கட்டா குஞ்சுகளை வைத்து ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, காற்றின் ஈரப்பதம் குறைவதே முதன்மைக் காரணம் என்று காட்டியது. புரதத்தின் பங்கு மிகச் சிறியதாகவே தெரிந்தது. ஆகவே புடைப்பைக் கண்டதும் பழத்தை வெட்டிவிட்டு வறண்ட அடைப்பை அப்படியே விட்டுவைத்தால் பலன் இருக்காது.

பழம் வைக்கும் நேரம் காலை. மாலையில் எஞ்சியது அடைப்பில் இருக்கக் கூடாது. சிவப்பெறும்புகள் மொய்த்தால் குஞ்சுகளின் கண்ணையும் தோலையும் கடித்துக் குதறிவிடும். கழிவை நாள்தோறும் கவனிப்பது நல்ல பழக்கம். நார் தெரியும்படி உருண்டு விழுந்தால் தட்டு சரியாக இருக்கிறது. இரண்டு நாள் இளகினால் பழத்தை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் மாறாவிட்டால் மருத்துவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

இவ்வளவும் படித்துவிட்டு, முற்றத்துக்கு வந்த நட்சத்திர ஆமைக்குப் பப்பாளி வைக்கலாமா என்று எவரும் கேட்கக்கூடும். தமிழ்நாட்டின் முட்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழும் இந்த ஆமையை வீட்டில் வைத்திருப்பதே இரு நாட்டிலும் குற்றம். கடத்தல் இந்த இனத்தை அரித்து வருவதால் 2019இல் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. வழிதவறி வந்ததைக் கண்டால் நிழலில் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்வது ஒன்றே செய்யத்தக்கது. செங்கால் ஆமைக்கும் இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும் இத்தகைய அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பதிவுச் சான்று இல்லாத ஆமையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

வயதான ஆமைக்கு மட்டும் சில விதிகள் தளரும். செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் வாழும் ஜோனதன் என்ற ராட்சத ஆமை 1882இல் அங்கு வந்தபோதே முழுவளர்ச்சி அடைந்திருந்தது. அதை வைத்து அது 1832 வாக்கில் பிறந்தது என்று கணிக்கிறார்கள். கண்புரையால் பார்வை போய், மோப்பமும் போய், புல்லைத் தேடி மேயமுடியாமல் மெலிந்தபோது அதன் அலகும் மழுங்கியிருந்தது. கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் தடித்த கையுறை அணிந்து வாரம் ஒருமுறை பழங்களும் காய்களும் ஊட்டத் தொடங்கினார். நாளடைவில் உடல் தேறியது, அலகின் விளிம்பு மறுபடி கூர்மையானது. மேய்ச்சல் இனமான ராட்சத ஆமைக்கே, அதுவும் பசியாலும் சத்துக் குறைவாலும் வாடும் முதுமையில், பழம் உயிர்நாடியாகலாம் என்பதற்கு இது கண்கண்ட சான்று. ஆனால் இது மருத்துவர் கணித்துக் கொடுத்த அளவு, நோய்வாய்ப்பட்ட ஒரு பிராணிக்கு. ஜோனதனுக்கு வாழைப்பழம் மிகப் பிடிக்கும், அது வாயில் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

பழத்துக்குப் பழகிய ஆமை இலையைத் திரும்பியும் பார்க்காமல் அடம் பிடிப்பது வளர்ப்போர் அடிக்கடி சொல்லும் குறை. அதற்குக் காரணமும் உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எந்த நிறம் எவ்வளவு உணவைக் குறிக்கிறது என்று செங்கால் ஆமைகளுக்குப் பழக்கி, 18 மாதம் கழித்துச் சோதித்தார்கள். ஆமைகள் மறக்கவில்லை என்று 2017இல் எழுதினார்கள். இத்தனை நினைவாற்றல் உள்ள பிராணி, இன்று இலையை ஒதுக்கினால் நாளை மாம்பழம் வரும் என்பதையும் கற்றுக்கொள்ளும்.

அதனால் திடீரென்று பழத்தை நிறுத்துவது பலிக்காது. ஒரு தேக்கரண்டி பப்பாளியை நன்றாக மசித்து, பொடியாக நறுக்கிய செம்பருத்தி, முருங்கை இலைகளோடு பிசைந்து, பழத்தை மட்டும் பொறுக்கி எடுக்கமுடியாதபடி வைக்க வேண்டும். முதல் வாரம் ஆமை முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வேறெதையும் மாற்றாக நீட்டக் கூடாது. நல்ல உடல்நிலையிலுள்ள வளர்ந்த ஆமை சில நாள் குறைவாகத் தின்றால் கெட்டுப்போகாது. எடையை மட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். தின்னத் தொடங்கியதும் ஒவ்வொரு வாரமும் பப்பாளியைக் கொஞ்சம் குறைத்து, இலையைச் சற்றுப் பெரிதாக நறுக்கி வர வேண்டும். முழு இலையைக் காலால் மிதித்துக்கொண்டு அலகால் கிழித்துத் தின்னும் நிலைக்கு வந்தபின், பழத்தைத் தனியாக, அதற்குரிய நாளில், அதற்குரிய அளவில் மறுபடி வைக்கலாம்.